அக்கா தண்டவாளம் அடித்த நாள்

1

மெல்போர்னில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன் நான். இன்று மத்தியானம் கருவிப் பையை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பழைய அடுக்குமாடியின் படிக்கட்டில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு தின்றுகொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. அதில் பேச்சே இல்லை. இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம் மட்டும். டங், டங், டங். மூன்றோடு நின்றுவிட்டது. பின்னால் குடங்கள் இடித்துக்கொள்வதும், "ஏய், வரிசையில நில்லுடி" என்று யாரோ யாரையோ அதட்டுவதும் கேட்டது.

கூட வேலை செய்கிற கிரேக்கக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன, லாட்டரி விழுந்ததா என்றார். என் ஊரில் குழாயில் தண்ணீர் வருகிறது என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "நல்லது" என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இங்கே தண்ணீரை ஒரு மணி நேரம் நிறுத்தப்போகிறார்கள் என்றால்கூட ஒரு வாரம் முன்பே கதவிடுக்கில் சீட்டு வந்து விழும். திறந்தால் வருகிற தண்ணீருக்கு யாராவது மணி அடிப்பார்களா?

நாங்கள் அடிக்கிறோம். அடிக்கத் தொடங்கி இன்றோடு ஒரு வருஷம். அந்தக் கதையை ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள். அக்கா சொன்னதையும், எதிர் வீட்டு யசோதரா அக்கா குறுக்கே புகுந்து திருத்தியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் மாரிகுப்பம். பங்காருபேட்டையிலிருந்து வருகிற ரயில் அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றுவிடுகிற ஊர். பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் 'கோலார் தங்க வயல்' என்று இருக்கும். இங்கே என் தொழில் உரிமத்துக்காக நடையாய் நடந்த நாட்களில், கவுண்டரில் இருந்த பெண்மணி அதைப் படித்துவிட்டு, "இது கம்பெனியின் பெயரா, ஊரின் பெயரா?" என்று கேட்டார். முதலில் கம்பெனியாக இருந்தது, பிறகு ஊராகிவிட்டது, அதற்கப்புறம் கம்பெனி போய்விட்டது, ஊர் மட்டும் இருக்கிறது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மறுபடி வேறொரு நாள் வரச் சொன்னார்கள்.

அப்பா சுரங்கத்தில் கேஜுக்கு மணி அடிக்கிறவர். கேஜ் என்றால் ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டு. எத்தனை முறை மணி அடிக்கிறதோ அதை வைத்துத்தான் மேலே இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குச் சேதி. ஒன்று என்றால் நிறுத்து. மூன்று என்றால் உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள், பார்த்து ஓட்டு. நான் இங்கே வந்த புதிதில் பழக்கதோஷத்தில் லிஃப்டைக் கேஜ் என்று சொல்லிவிடுவேன். வயதான வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி, தன்னை மிருகம் என்கிறேனோ என்று நினைத்து மேனேஜருக்குப் புகார் எழுதினாள். என் மகள் ரூத் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பது மட்டும் தமிழில், மற்றதெல்லாம் இங்கிலீஷ்.

கம்பெனி தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளை லைன் என்போம். எங்கள் லைன் முனையில், பொதுக் குழாய்க்குப் பக்கத்து வேப்பமரத்தில் டிராலி தண்டவாளத்தின் துண்டு ஒன்று சங்கிலியில் தொங்கும். சுரங்கம் ஓடின காலத்தில் அதை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் அடிப்பார்கள். உள்ளே பாறை வெடித்தால், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறவர்களையும் எழுப்ப, நிறுத்தாமல் அடிப்பார்கள். சத்தம் கேட்டால் ஒருவரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆண்கள் கைக்குக் கிடைத்த சட்டையோடு, கேஜ் இறங்குகிற குழியான ஷாஃப்டின் வாய்க்கு ஓடுவார்கள். பெண்கள் ஆளுக்கொரு போர்வையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். மேலே கொண்டுவருகிறவரைக் குளிருக்குப் போர்த்தவும் அது ஆகும், வேறொன்றுக்கும் ஆகும். அந்த வேறொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சுரங்கம் மூடிய பிறகு தண்டவாளம் சும்மா தொங்கியது. பழைய இரும்புக்காரர்கள் எத்தனையோ தடவை கேட்டார்கள். லைன் கொடுக்கவில்லை.

3

பேத்தமங்களா ஏரியிலிருந்து குழாய் வழியாக வருகிற தண்ணீரை, முறைவைத்து ஒவ்வொரு லைனுக்கும் திறந்துவிட வேண்டும். திறக்கிறவர் வால்வுமேன் முனியப்பா. அவரிடம் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி இருக்கும். சில வருஷங்களுக்கு முன்னால் 'வால்வு செலவு' என்று ஒன்று ஆரம்பித்தது. மாதாமாதம் வீட்டுக்கு இவ்வளவு. கொடுத்த லைனுக்குத் தண்ணீர் வரும். கொடுக்காத லைன்காரர்கள் தண்ணி ஆபீசுக்குப் போய்க் கேட்டால், "விட்டாச்சே, மேல் லைன்காரங்க மோட்டார் போட்டு இழுத்துட்டாங்க" என்று பதில் வரும். கீழ் லைன் மேல் லைனோடு சண்டை போடும். சர்ச்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் குழாயடியில் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

விட்டார்களா, விடவில்லையா என்று பார்த்துச் சொல்ல லைனில் ஆள் கிடையாது. எங்கள் ஊரில் பாதிப் பேர் விடியும்போதே பெங்களூர் ரயிலில் இருப்பார்கள். திரும்பி வருவது இருட்டிய பிறகு. பகலில் லைன் காலி. அந்தக் காலிப் பகலில்தான் எல்லாம் நடந்தது.

என் அக்கா ஸ்டெல்லா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். அவள் ஒருநாள் வேப்பமரத்தடியில் லைனைக் கூட்டி, இனிமேல் நான் கொடுக்க மாட்டேன், நீங்களும் கொடுக்காதீர்கள் என்றாள். ஏதோ ஒரு வேகத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த மாதமே குழாய் காய்ந்துபோயிற்று. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த லைனுக்கு நடந்தவர்கள் அக்கா வீட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தைக்கக் கொடுத்த துணிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான் இங்கிருந்து போன் போட்டு, மொத்த லைனுக்கும் நானே அனுப்பிவிடுகிறேன், அது ஒன்றும் பெரிய காசில்லை என்றேன்.

"டேய் சாலமன், உன் ஊரு துட்டுல என் ஊரு வால்வு தொறந்தா, நாளைக்கு அது டாலர்ல கேக்கும்டா," என்றாள் அக்கா. "நீ உன் லிப்டைப் பாரு."

கடைசியில் யசோதரா அக்காதான் லைன் சார்பில் வந்து நின்றாள். அவர்கள் பௌத்தக் குடும்பம். வீட்டுக்காரர் சுரங்கப் பென்ஷன்காரர். அவளுக்கு வாய் நீளம், மனசு அதைவிட நீளம். ஆனால் அன்று மனசை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"இன்னா ஸ்டெல்லா, நீ சொன்னன்னு தானே நிறுத்தினோம்? எம்மாம் நாளு ஆச்சு? முட்டிக்கால் தேஞ்சி போச்சு எனக்கு."

"இன்னும் கொஞ்ச நாளு பொறுங்கக்கா. மேல எழுதிப் போட்டுகீறேன்."

"எழுதினத குடிக்க முடியுமா? இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். தண்ணி வரல, நீயே ஊடு ஊடா போயி வசூல் பண்ணி, நீயே கொண்டுபோய் ஆபீஸ்காரங்க கைல குடுக்கணும். எங்களால அவங்க மூஞ்சில முழிக்க முடியாது. நீதான் இஸ்து உட்ட, நீதான் முடிக்கணும்."

"சரி, பண்றேன்," என்றாள் அக்கா. வேறென்ன சொல்வாள்? சொல்லிவிட்டு என்னிடம் போனில் அழுதாள். காசு கொடுப்பதற்காக அழவில்லை. வேண்டாம் என்று சொன்ன அதே வாயால் வீடு வீடாகக் கேட்க வேண்டுமே என்று அழுதாள்.

அழுது முடித்ததும் ஒரு காரியம் செய்தாள். குழாயில் சொட்டுத் தண்ணீர் வந்தாலும் பார்த்தவர் தண்டவாளத்தை மூன்று தட்டு தட்ட வேண்டும் என்று லைன் முழுக்கச் சொல்லிவைத்தாள். வந்தால் ஊருக்கே கேட்கும். கேட்கவில்லை என்றால் வரவில்லை. அப்புறம் 'விட்டாச்சு' என்று எவனும் சொல்ல முடியாது.

"மூணு தட்டு எதுக்கு?" என்று கேட்டேன்.

"உள்ள மனுசங்க கீறாங்கன்னு அர்த்தம்டா. அப்பா அடிச்சது மறந்துட்டியா?"

4

மாசக் கடைசிக்கு முந்தின நாள். தண்டவாள வேலை என்று சொல்லிக் காலை ரயிலை ரத்து செய்துவிட்டார்கள். ஸ்டேஷன் வரைக்கும் போனவர்கள் டிபன் பாக்ஸோடு வீடு திரும்பி, லீவு கிடைத்த பிள்ளைகள் மாதிரி லுங்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பகலில் லைன் நிறைந்திருப்பது வருஷத்தில் எப்போதாவதுதான். இந்தச் சங்கதி தண்ணி ஆபீசுக்குத் தெரியாது.

அக்கா ரவிக்கைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே குழாய் 'புஸ்ஸ்' என்று மூச்சு விட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் துருத் தண்ணீர் ஒரு விரல் கனத்துக்கு விழுகிறது. அக்கா குடத்தைக்கூட எடுக்கவில்லை. இரும்புக் கம்பியை எடுத்துத் தண்டவாளத்தில் மூன்று தட்டு தட்டினாள். மூன்றாவது தட்டு அடங்குவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. குழாய் காற்றை மட்டும் துப்பியது.

இங்கேதான் கதை ஆளுக்கொரு மாதிரி ஆகிறது. தண்ணீர் போன கோபம் என்கிறாள் அக்கா. கோபமாவது ஒன்றாவது, பைத்தியம் பிடித்தது என்கிறாள் யசோதரா அக்கா. எப்படியோ, அக்கா கை நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள், அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள்.

கண்ணைத் திறந்தபோது லைனில் ஒருவரும் இல்லை. எல்லோரும் ஷாஃப்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

சுரங்கம் மூடிப் பல வருஷம் ஆயிற்று. ஷாஃப்ட் வாயைக் கான்கிரீட் போட்டு அடைத்தாயிற்று. உள்ளே ஒரு எலிகூட இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் காலுக்கு யார் போய்ச் சொல்வது? பென்ஷன்காரர் ஒருவர் பாதி மழித்த முகத்தோடு ஓடினார். யசோதரா அக்கா வீட்டுக்காரர் தலையில் பழைய ஹெல்மெட். சுரங்கத்தைப் படத்தில் மட்டுமே பார்த்த, பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பையன்கள், பெரியவர்கள் ஓடுவதைப் பார்த்துத் தாங்களும் ஓடினார்கள். மேல் லைன், கீழ் லைன் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஓடின. பெண்கள் பின்னால். ஒவ்வொருத்தி கையிலும் போர்வை.

ஷாஃப்டின் வேலிக்குப் பின்னால், புதர் மறைவில் ஒரு லாரி டாங்கர் நின்றது. அதன் ரப்பர்க் குழாய், எங்கள் லைனுக்குப் போகிற பைப்பின் வால்வுத் தொட்டிக்குள் இறங்கியிருந்தது. பக்கத்தில் முனியப்பா, ஆள் உயரச் சாவியோடு. வால்வைத் திறந்த வேகத்தில் ஒரு விரல் தண்ணீர் எங்கள் குழாய் வரைக்கும் தப்பி வந்திருக்கிறது. மிச்சத்தை டாங்கர் குடித்துக்கொண்டிருந்தது.

ஓடி வந்தவர்கள் நின்றார்கள். ஹெல்மெட் போட்டவர்தான் முதலில் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"யாருக்குடா அடி பட்டுது?"

டிரைவர் கையைத் தூக்கிவிட்டான். "எனக்கு ஒண்ணும் தெரியாது பெரியவரே. வண்டி சாவி குடுத்தாங்க, ஓட்டினு வந்தேன். கல்யாண மண்டபத்துக்கு லோடு."

"யாரு ஊட்டு தண்ணியில யாருக்குடா கல்யாணம்?" என்றாள் யசோதரா அக்கா.

கூட்டத்தில் இளவட்டங்கள் சிலர் கல்லைத் தேடிக் குனிந்தார்கள். அதற்குள் அக்கா கம்பியும் கையுமாக வந்து சேர்ந்துவிட்டாள். "கல்லைப் போடுங்கடா. லாரிக்கு ஒரு கண்ணாடி ஒடைஞ்சாலும் கேசு நம்ம மேல. ஒக்காருங்க எல்லாம்."

எங்கே உட்காருவது? சரளையும் முள்ளுமான தரை. யசோதரா அக்கா தன் போர்வையை உதறி, டாங்கரின் முன்சக்கரத்துக்கு நேர் எதிரே விரித்தாள். அதைப் பார்த்து அடுத்தவள் விரித்தாள். கொஞ்ச நேரத்தில் லாரியைச் சுற்றிப் பூப்போட்ட போர்வைகள், கோடு போட்ட போர்வைகள், ஏதோ மாநாட்டுப் பந்தல் மாதிரி. எந்தக் காரியத்துக்காக அந்தப் போர்வைகளை எங்கள் பெண்கள் காலம் காலமாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்களோ, அது அன்று நடக்கவில்லை. அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். எனக்கு இந்தக் கதையில் எல்லாவற்றையும்விட இதுதான் பிடிக்கும்.

5

போன் மேல் போன் போட்டதில் தண்ணி ஆபீசிலிருந்து ஜீப் வந்தது. இறங்கியது புதிதாக மாற்றலாகி வந்திருந்த பெண் இன்ஜினியர். சின்ன வயசு, கன்னடக்காரர், தமிழ் புரியும், பேச வராது. ஆபீசுக்கு ஒரு நாலு பேர் வாருங்கள், உட்கார்ந்து பேசலாம் என்று கன்னடத்தில் சொன்னார்.

அக்கா கன்னடத்திலேயே பதில் சொன்னாள். "மேடம், ரூமுக்குள்ள பேசினது போதும். நாலு பேரு உள்ள போனா, வெளிய வர்றப்போ நாலு கதை வரும். இங்கயே பேசுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"போர்வையில எடம் கீது," என்றாள் யசோதரா அக்கா தமிழில்.

இன்ஜினியர் சுற்றிப் பார்த்தார். ஜீப்புக்குத் திரும்பிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து போர்வை ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்து முனியப்பாவைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: இந்த லைனுக்குக் கடைசியாக எப்போது திறந்தாய்?

முனியப்பா சாவியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவரும் எங்கள் ஆள்தான். அவர் அண்ணன் சுரங்கத்தில் செத்தவர்; இதே இடத்தில், ஏதோ ஒரு போர்வையில்தான் வீட்டுக்குப் போனார். ஒரு வார்த்தை 'தெரியாது' என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். அவர் சாவியைத் தரையில் போட்டார்.

"தொறக்கவே இல்ல மேடம். தொறக்கச் சொன்னது இங்க மட்டும்தான். சொன்னவங்க பேரையும் சொல்றேன். எல்லாரும் கேட்டுக்கோங்க, அப்புறம் நான் சொல்லலன்னு சொல்லாதீங்க."

சொன்னார். டாங்கர் குத்தகைக்காரர் ஒருவர், ஆபீசில் அவருக்குக் கை கொடுத்தவர் ஒருவர். மறைவாக ஒரு அறையில் சொல்லியிருந்தால் அந்தப் பேர்கள் அங்கேயே புதைந்திருக்கும். அத்தனை காதுகளில் விழுந்ததை எங்கே புதைப்பது? குத்தகை போயிற்று. ஆபீஸ்காரரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணை இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் விசாரணை மாரிகுப்பம் ரயில் மாதிரி, மெதுவாகத்தான் வரும். ஆனால் அந்த மனிதர் அந்த நாற்காலிக்குத் திரும்பவில்லை. வால்வு செலவு என்ற பேச்சு அன்றோடு போயிற்று.

எழுந்து போகும்போது இன்ஜினியர், இனி என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டார். அக்கா யோசிக்கவே இல்லை. எந்தக் கிழமை எந்த லைன் என்று ஊர்த் தண்ணீர் டாங்க் சுவரில் கன்னடத்திலும் தமிழிலும் பெரிதாக எழுத வேண்டும். ரயிலுக்குப் போகிறவர்களும் பார்க்கிற மாதிரி விடியற்காலையில் திறக்க வேண்டும். வால்வைத் திறந்ததும் முனியப்பாவே வந்து தண்டவாளத்தை மூன்று தட்டு தட்ட வேண்டும், மூடியதும் ஒன்று.

"மணி அடிக்காம உட்ட தண்ணி, உட்ட தண்ணி இல்ல," என்றாள்.

"ஆய்த்தம்மா," ஆகட்டும் என்று கன்னடத்தில் சொன்னார் இன்ஜினியர். மறுநாள், அதாவது மாசக் கடைசி நாள், முனியப்பா வந்து மூன்று தட்டு தட்டினார். தண்ணீர் வந்தது. அக்கா வசூலுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

இப்போது மற்ற லைன்களிலும் அடிக்கிறார்கள். தண்டவாளம் இல்லாதவர்கள் லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையத்தைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எந்தச் சத்தம் எந்த லைன் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்களாம். மேல் லைனுக்கும் கீழ் லைனுக்கும் இப்போது சண்டை, யாருடைய இரும்பின் சத்தம் நல்லது என்பதில்தான்.

6

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அக்காவுக்கு வீடியோ போட்டேன். ஒரு வருஷம் முடிகிற நாள் என்று பலர் வேலைக்கு லீவு போட்டதால், அங்கே பகலிலும் குழாயடியில் ஒரே கூட்டம். யசோதரா அக்கா பெரிய தவலை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"இன்னா ஸ்டெல்லா, ஊடு ஊடா வசூல் பண்றேன்னு வாக்கு குடுத்தல்ல? ஒரு வருசமா ஏமாத்திகினு கீற. கெளம்பு."

அக்காவுக்கு ஒரு நிமிஷம் முகம் மாறிவிட்டது. பிறகுதான் தவலைக்குள் பார்த்தாள். அடியில் ஒரு படி அரிசி. யசோதரா அக்கா தன் பங்கை முதலிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். லைன் மொத்தத்துக்கும் குழாயடியிலேயே பிரியாணி. அக்கா ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்க வேண்டும், தவலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவது யசோதரா அக்காவின் வேலை என்று லைன் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. போன வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்ட கதவுகளெல்லாம் அக்கா வருவதற்கு முன்பே திறந்திருந்தன. போன் அக்கா கையில் ஆடிக்கொண்டே போனதால் நானும் வீடு வீடாகப் போனேன். முனியப்பா வீட்டில் மட்டும் தவலையில் அரிசி விழவில்லை. கறியை நான் வாங்கித் தருகிறேன் என்று அவர் அடம் பிடித்தார்.

"உன் ஊட்டு பங்கு நான் போட்டுட்டேன்டா சாலமன்," என்றாள் அக்கா. "இந்த மாதிரி காரியத்துக்கு உன் ஊரு துட்டு வேணா அனுப்பு, வாங்கிக்கறேன்."

ரூத் என் தோளுக்குப் பின்னால் நின்று இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எத்தனையோ வருஷமாக எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் அவளுக்கு அப்பாவின் கதை. இன்று முதல் முறையாக அவளே போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, தமிழிலேயே கேட்டாள்.

"அத்தை, கிறிஸ்துமஸுக்கு வந்தா, அந்த இரும்பை நானும் அடிக்கலாமா?"

அக்கா சொன்னாள்:

"வாடி தங்கம், அடிக்கலாம். ஆனா மூணே மூணுதான். அதுக்கு மேல அடிச்சா ஊரே போர்வையைத் தூக்கினு ஷாஃப்டுக்கு ஓடும்."